மூன்றாவது பிளக்

தலவாக்கலைப் பக்கம் வருஷத்தில் பாதி நாள் மழைதான். அந்த ஊரில் ஒருவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று "வெளிய மழைங்க அண்ணே" என்று சொன்னால், கேட்டவர் குடையை எடுப்பார். எங்கள் ஃபிட்டர் எடுக்கமாட்டார். கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார். அழுக்குத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஜன்னலுக்குப் போய் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை மலர்த்திப் பிடிப்பார். நாலு துளி விழுந்த பிறகு, "ஆமாங்க, மழைதாங்க" என்பார், தானே முதலில் கண்டுபிடித்தமாதிரி. நனைந்து நிற்கிற எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அவர் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஒல்லியான, நெட்டையான மனிதர். காக்கிக் கால்சட்டை, எண்ணெய்க் கறை படிந்த பனியன். கழுத்தில் கயிறு கட்டி ஒரு கேஜ் தொங்கும். மெல்லிய இரும்புத் தகடுகளை விசிறிபோல அடுக்கிய சின்னச் சாமான். இரண்டு இரும்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பார்ப்பதற்கு. மற்றவர்கள் கழுத்தில் சாமி டாலர் இருக்கும், அவர் கழுத்தில் இது. ஆடுமாடு உட்பட எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கொழுந்து அரைக்கிற மெஷின் மக்கர் பண்ணினால், "இவங்களுக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்லீங்க" என்று தோட்டத்தை நடத்தும் துரையிடமே சொல்லியிருக்கிறார்.

"அடையாளம் காட்டுங்க" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் வரும் வார்த்தை. யார் என்ன சொன்னாலும் அதைத்தான் கேட்பார். அவருடைய மனைவிக்கு இதைப் பற்றி ஒரு கதை உண்டு, விருந்தாளி வந்தால் சொல்லாமல் விடமாட்டார். கல்யாணத்தன்று நாத்தனார் பின்னால் நின்று தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்ததும், மாப்பிள்ளை குனிந்து அந்த முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாராம். "கூடப்பொறந்தவ போட்ட முடிச்சயே நம்பாத மனுசன், நான் கொழம்புல உப்பு இருக்குன்னா நம்புவாரா?" என்பார் அந்த அக்கா. ஃபிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே குழம்பை நக்கிப் பார்ப்பார்.

ஆனால் தோட்டத்தில் ஒரு வழக்கு என்றால் சங்கத் தலைவரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் போவார்கள். ஒருமுறை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இரண்டு பெண்கள் ஒரு கோழிக்காகக் குடத்தை ஓங்கிக்கொண்டார்கள். என் கோழி, உன் கோழி என்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கோழியோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தார்கள். அவர் கோழியை வாங்கித் தடவிப் பார்த்தார். பொழுது சாயட்டும், இவங்களே வீட்டுக்குப் போவாங்க, பின்னாடியே நாமும் போவோம் என்றார். சாயங்காலம் கோழி முன்னால் நடக்க, அவர் பின்னால், அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயமே நடந்தது. கோழி இரண்டு வீட்டையும் தாண்டிப் போய் மூன்றாவது வீட்டு அடுப்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சண்டை போட்ட இருவரும் அந்த நிமிஷமே ஒன்றாகச் சேர்ந்து மூன்றாமவளிடம் பாய்ந்தார்கள். ஃபிட்டர் கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் அப்போது வாடகைக்கு ஹயரிங் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்களில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் மட்டும்தான். அதைச் சொல்லாமல் என்னால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன கறுப்புக் கார் அது, போருக்கு முந்தியது. துரையிடம் ஓட்டுநராக இருந்த சிங்களவரிடமிருந்து வாங்கினேன். கார் வந்த அன்று தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கடைத்தெரு முழுக்க நின்று கதை அளந்தேன். துரை கையைத் தவிர வேறு கை படாத கார், எஞ்சினைத் திறந்ததே இல்லை, பெட்டியிலிருந்து வந்தபடி இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். பெரிய கிளாக்கரய்யாவே ஒருமுறை வந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஃபிட்டருக்கும் எனக்கும் நெருக்கம் வந்தது காரினால் இல்லை, ஒரு ஆபீஸினால். அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, நீ இந்த நாட்டில் பிறந்தவன் என்பதற்கும், உன் அப்பன் இங்கே பிறந்தவன் என்பதற்கும் அத்தாட்சி கொண்டுவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரையும் நுவரெலியாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான்தான் காரில் கூட்டிப்போனேன். தன் பிறப்புக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த ஒரு துண்டு வைத்திருந்தார். அப்பாவுக்கு எதுவும் இல்லை. தேயிலைச் செடி வெட்ட அப்பா பயன்படுத்திய கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் அதை வைத்து, பிடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது பாருங்க ஐயா, எத்தனை வருஷம் இந்த மலையில் வெட்டியிருந்தால் இப்படித் தேயும் என்று கேட்டார். அந்த அதிகாரி கத்தியைப் பென்சிலால் தள்ளிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! முன்னால் போய், இவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில்தான் பிறந்தார், அதற்கு நான் சாட்சி என்று சத்தமாகச் சொன்னேன். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, இவருடைய அப்பா பிறந்தபோது உனக்கு என்ன வயது என்று சிங்களத்தில் கேட்டார். ஆபீஸே சிரித்தது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது நானுஓயா வரைக்கும் அவர் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கேக்குறது தப்பில்லீங்க தம்பி. நானும் கேக்குறவந்தானே. ஆனா எதக் காட்டுனா ஒத்துக்குவோம்னு கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "கண்ணால பாக்காததுக்குப் போயி சாட்சி சொன்னீங்களே" என்று என் தொடையில் தட்டினார். நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பில் பாதி அழுகை என்று எனக்குத் தெரியும், அதைக் கவனிக்காத மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஸ்டோருக்குப் போய், "மழைங்க அண்ணே" என்றேன். அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்திலிருந்த ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் ஒருவன் பேச்சுக்கு மட்டும் அவர் கையை நீட்டிப் பார்ப்பதில்லை. இதையும் நான் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி காருக்கு வருகிறேன். சமதரையில் அது ராணி. ஆனால் எங்கள் பக்கம் சமதரை எங்கே இருக்கிறது? நாலு பேரை ஏற்றிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் போனால் பாதியில் மூச்சு வாங்கும். ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்வேன். பட்டுப்புடவை கட்டிய பெண்கள்கூடத் தள்ளியிருக்கிறார்கள். பின்னால் வரும் மற்றக் கார்க்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போவார்கள். எனக்கு மானம் போகும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று ஃபிட்டர்தான் சொன்னார். எஞ்சினுக்கு மேலே மூடிமாதிரி இருக்கிற இரும்பை ஹெட் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கி மெலிதாக்கினால், உள்ளே காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக அமுங்கி, வெடிக்கும்போது பலமாக உதைக்கும். ஏற்றத்தில் தள்ளவேண்டாம். ஸ்டோரில் இருந்த லேத்திலேயே செதுக்கித் தருகிறேன் என்றார். துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த கேஜை எடுத்தபடியே என்னிடம் கேட்டார்:

"இதுக்கு முந்தி யாராச்சும் இதச் செதுக்கியிருக்காங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணே. யாரு கையும் படல."

"அப்பச் சரி" என்றார். கேஜைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு லேத்தை ஓட்டினார்.

அதற்குப் பிறகு அந்தக் காரைப் பார்க்கவேண்டுமே! நாலு பேர், இரண்டு மூட்டை, ஒரு ஆட்டுக்கிடாயோடு நானுஓயா ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது. முன்பு ஹார்ன் அடித்தவர்களைத் தாண்டிப் போகும்போது நானும் அடித்தேன், நன்றாகவே அடித்தேன். சந்தோஷத்தில் கண்டிக்குப் போய் நாலு புது பிளக் வாங்கி வந்தேன். பழையவை தேய்ந்து கருகிப் போயிருந்தன. புதுசைப் போட்டவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. ஸ்டோரில் வேலை, சாயங்காலங்களில் வந்து காரைக் கழுவித் துடைப்பான். நல்ல பிள்ளை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் காரைக் கொடு, நான் ஹயர் ஓடுகிறேன் என்று நச்சரித்துக்கொண்டே இருப்பான். நான் கொடுக்கவில்லை. அதில் எங்களுக்குள் ஒரு மனக்கசப்பு உண்டு.

புது பிளக் போட்ட மறுநாள் ஏற்றத்தில் கார் விக்க ஆரம்பித்தது. நாலு சிலிண்டரில் மூன்றுதான் வேலை செய்தது. ஓரமாக நிறுத்தி பிளக்குகளைக் கழற்றினேன். பிளக்கின் நுனியில் வளைந்த கம்பி ஒன்று இருக்கும். அதற்கும் நடுக் கம்பிக்கும் இடையே மயிரிழை இடைவெளி வேண்டும், அங்கேதான் பொறி பறக்கும். மற்ற மூன்றிலும் இடைவெளி சரியாக இருந்தது. மூன்றாவது பிளக்கில் கம்பி, யாரோ சுத்தியலால் தட்டியமாதிரி நசுங்கி, இடைவெளியே இல்லாமல் மூடியிருந்தது. கத்தியால் நெம்பிவிட்டு மாட்டினேன். கார் ஓடியது. அடுத்த நாள் ஏற்றத்தில் மறுபடி விக்கல். கழற்றினால் மறுபடி மூன்றாவது பிளக், மறுபடி நசுங்கல். ஐந்து நாள் இதே கூத்து.

ஐந்தாம் நாள் என் மூளை வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். இயந்திரக் கோளாறு என்றால் நாலு பிளக்கையும் ஒரேமாதிரி அல்லவா கெடுக்கவேண்டும்? ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கெடுப்பது மனுஷ புத்தி. பிளக்கை மாட்டியவன் யார்? தினமும் சாயங்காலம் காருக்குப் பக்கத்தில் தனியாக நிற்பவன் யார்? என்மேல் கடுப்பு யாருக்கு?

மச்சினனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். ராகலையில் பெண். மாப்பிள்ளை வீட்டாரை என் காரில் கூட்டிப்போவதாகப் பேச்சு. அவனுடைய லயத்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போனேன். நசுங்கிய பிளக்கை அவன் முன்னால் போட்டேன். காரைக் கொடுக்காததற்காகத் திருட்டுத்தனமாக பிளக்கைத் தட்டுகிறாயே, நீயெல்லாம் ஒரு ஆம்பிளையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதை இங்கே எழுத முடியாது. அவன் பிளக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் தொடல மச்சான்" என்று மட்டும் சொன்னான். உன் கல்யாணத்துக்கு என் காரும் வராது, நானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி பேச்சை நிறுத்தினாள். சோறு வரும், குழம்பு வரும், தேங்காய்ச் சம்பல் வராது. என் வாய் எரிந்து கேட்டாலும் வராது. கூடப்பிறந்தவனுக்குக் கல்யாணம், அக்காள் புருஷன் இல்லாமல் பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் ராகலைக்காரர்கள் என்ன கேட்பார்கள், அவள் என்ன பதில் சொல்வாள்? இரண்டு நாள் அழுதாள்.  ஆனால் ரோஷக்காரனாயிற்றே, விடுவேனா?

ஃபிட்டரிடம் போய் முறையிட்டேன். என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தட்டுனது அவருதாங்கிறதுக்கு அடையாளம் காட்டுங்க."

"நசுங்கியிருக்கே, இத விட என்னா அடையாளம் வேணும்?"

"நசுங்குனதுக்கு இது அடையாளம். நசுக்குனவங்களுக்கு இல்லீங்க" என்றார். ஞாயிறு காலையில் காரைக் கொண்டுவரச் சொன்னார்.

ஞாயிறு காலை அவருடைய இஸ்தோப்பு முன்னால் காரை நிறுத்தினேன். ஹெட்டைக் கழற்றினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, ரொட்டி மாவில் ஒரு உருண்டை வேண்டும், தேங்காய்ப்பூ போடாமல் என்று கேட்டார். அக்கா மாவுக் கையோடு வெளியே வந்து, பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், முதல் ரொட்டி காருக்கா என்று ஒரு பாட்டம் திட்டினார். திட்டிக்கொண்டே உருட்டியும் கொடுத்தார், காருக்குச் சம்பலும் வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் மூன்றாவது பிஸ்டனின் தலையில் தேங்காய் எண்ணெய் தடவி, அந்த மாவு உருண்டையை வைத்தார். பழையபடி ஹெட்டை மூடி முறுக்கினார். பிளக்கையும் மாட்டினார். முன்னால் ஹேண்டிலைப் போட்டு என்னை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். சுற்றினேன். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். மாவு அப்பளமாகத் தட்டையாகிக் கிடந்தது. நடுவில் பிளக் கம்பியின் அச்சு, வளைவு உட்பட அப்படியே பதிந்திருந்தது. பிளேடால் மாவைக் குறுக்கே வெட்டி, அச்சுக்கு அடியில் எவ்வளவு மாவு மிச்சம் இருக்கிறது என்று கேஜால் அளந்தார். வெற்றிலைக் கனம்கூட இல்லை.

அவர் விளக்கியபோது எனக்குக் காது சூடானது. ஹெட் மெலிந்ததால் அதில் மாட்டிய பிளக்கும் கீழே இறங்கி வந்துவிட்டது. கீழேயிருந்து மேலே வரும் பிஸ்டனுக்கும் பிளக்குக்கும் நடுவே இடம் இல்லை. பழைய பிளக் தேய்ந்து கட்டையாக இருந்ததால் தப்பியது, புது பிளக்கின் கம்பி நீட்டம். கையால் சுற்றும்போது மயிரிழையில் தப்பினாலும், ஏற்றத்தில் சூடேறி வேகமாக ஓடும்போது இடிக்கிறது. மூன்றாவது பிஸ்டனின் பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருப்பதால் அது மட்டும் கூடுதலாக எம்புகிறது. மச்சினன் தட்டவில்லை. கார் தானே தன்னைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லி முடித்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். முகம் வாடிப்போனது. தான் செதுக்கிய அளவுக்கு இடிக்கக் கூடாது என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். தகடுகளை விரித்து விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு கேஜை மடக்கினார்.

"அப்ப என் கை தப்புப் பண்ணியிருக்கு. அளவு மீறிச் செதுக்கிட்டேன்."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். காரை விற்ற அந்த ஓட்டுநர் சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: மலையேற்றப் போட்டிக்காகத் துரை ஒருமுறை ஹெட்டைச் செதுக்கியிருக்கிறார், இன்னொருமுறை யாரையும் தொட விடாதே என்று. கை படாத கார் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட பிறகு, நான் அதை யாரிடம் சொல்வேன்? ஃபிட்டர் கேட்ட அன்று சட்டென்று இல்லை என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இப்போது அவர் என் வார்த்தையைச் சந்தேகிக்காமல் தன் கையைச் சந்தேகிக்கிறார். இரும்பையே நம்பாத மனிதர்.

அவர் சும்மா உட்காரவில்லை. மாவை வாழையிலைத் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு, வாங்க தம்பி என்று நடந்தார். நேராக மச்சினன் வீடு. அங்கே வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபிட்டர் மச்சினன் முன்னால் இலையை விரித்தார்.

"இந்தாங்க அடையாளம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. இடிச்சது பிஸ்டன். அளவு மீறிச் செதுக்குனது நான். ஒங்க மச்சான் பேசுனதுக்கெல்லாம் நாந்தான் காரணம், மன்னிச்சுக்கங்க."

அவரைவிட இருபது வயது சின்னவனிடம் கையைக் கூப்பிவிட்டார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அத்தனை சொந்தக்காரர்களும் நிற்கும்போது, என் தொண்டையிலிருந்து அது வந்தேவிட்டது.

"அண்ணே செதுக்குனது சரியான அளவுதான். அதுக்கு முந்தியே தொரை ஒருதரம் செதுக்கியிருக்காரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இல்லேன்னு சொன்னேன்."

வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். மச்சினன் மாவை எடுத்தான். அச்சை வெளிச்சத்தில் காட்டி நன்றாகப் பார்த்தான்.

"இதச் சுட்டாத் திங்கலாமா?" என்று கேட்டான்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அப்படி நடக்கவே இல்லை என்று நான் இன்றுவரை சாதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் அவனுக்கு என்று அங்கேயே தீர்ப்பானது. அன்று மத்தியானம் என் தட்டில் சம்பல் வந்தது, இரண்டு கரண்டி.

காருக்கு வைத்தியம் சின்னதுதான். பிளக்கின் கழுத்தில் ஒரு செம்பு வளையம் இருக்கும். பழைய பிளக்குகளில் இருந்த வளையத்தை எடுத்து, புதுசுக்கு இரண்டாவதாகப் போட்டார். பிளக் அந்த அளவுக்கு மேலே ஏறிக்கொண்டது. மறுபடி மாவு, மறுபடி அக்காவின் திட்டு. இந்த முறை மாவில் அச்சு லேசாகத்தான் விழுந்தது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னார்:

"எல்லாத்தையும் அளந்தேன் தம்பி. ஒங்க வார்த்தைய மட்டுந்தான் அளக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உடம்பு சரியில்லாத மெஷினைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

கல்யாணத்தன்று மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை முன் சீட்டில், பின்னால் என் மனைவியும் மூன்று கிழவிகளும் மடியில் சீர்த்தட்டுகளோடு. ஃபிட்டர் காரின் பக்கவாட்டுப் படியில் நின்றுகொண்டே வந்தார். நானுஓயா ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினோம். உச்சியில் நிறுத்தச் சொன்னார். நல்ல நேரம் போகிறது என்று கிழவிகள் கத்தக் கத்த, கொதிக்கும் எஞ்சினில் துணியைப் போட்டு மூன்றாவது பிளக்கைக் கழற்றி, மாப்பிள்ளையிடம் காட்டினார். இடைவெளி வைத்தபடியே இருந்தது. மாப்பிள்ளை அதைக் கிழவிகளுக்கும் காட்டினான். என்ன ஏது என்று தெரியாமலே அவர்கள் குலவை போட்டார்கள்.

எல்லாம் சரியானது, ஒன்றைத் தவிர. அடுத்த மழைக்கு ஸ்டோருக்குப் போய், "மழைங்க அண்ணே" என்றேன். அவர் எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், கையை நீட்டினார். "ஆமாங்க, மழைதாங்க" என்றார். முகத்தில் அதே சிரிப்பு, பேச்சில் அதே மரியாதை. கை மட்டும் வெளியே. எனக்கு ஏற்பட்ட வலி யாருக்கும் புரியாது, ஒரு மனிதர் ஜன்னலில் கை நீட்டுவதற்கா இவன் இப்படி வாடுகிறான் என்பார்கள். அன்றிலிருந்து கடைத்தெருவில் கதை அளப்பதை நிறுத்தினேன். அவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பதற்காக மற்றவர்களிடமும் சொல்லாமல் பழகினேன். என் காரைப் பற்றி யாராவது கேட்டால், இரண்டு முறை செதுக்கியது, பேரிங் ஆட்டம், ஏற்றம் ஏறும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு மழைக்கும் அவருடைய கை வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூட்டிப்போக ஸ்டோருக்குப் போனேன். வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. "மழைங்க அண்ணே" என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்தார். ஜன்னல் பக்கம் போவார் என்று நான் வழிவிட்டு நின்றேன். அவர் ஆணியிலிருந்து குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்க போவோம்" என்றார்.

வெளியே வந்தால் தூறல் நின்றிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து வெயில் பளீரென்று அடித்தது.  அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை. குடையை விரித்தார். கொழுந்துக் கூடையோடு எதிரே வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஃபிட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அவர் குடையை என் பக்கமும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, லயம் வரைக்கும் அந்த வெயிலில் நடந்து வந்தார்.